விசில் கயிற்றில் தொங்கிய சாவி

விசில் வாத்தியார் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பிழைத்திருந்தது. கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, அதில் ஒரு விசில், அதற்குக் கீழே சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டும் தொப்பை. இளவயதில் நல்ல ஓட்டக்காரராம், முழங்கால் சதி செய்துவிட்டதாம். தொப்பையைப் பார்த்துவிட்டு யாராவது இதை நம்ப மறுத்தால், வீட்டு அலமாரியில் கறுத்துப்போன இரண்டு பதக்கங்கள் சாட்சிக்கு இருந்தன.

விளையாட்டு வாத்தியார் பிழைப்பு இருக்கிறதே, அது இரவல் பிழைப்பு. பரீட்சை வந்தால் கணக்கு வாத்தியார் அவருடைய பீரியடைக் கேட்பார். மழை வந்தால் அறிவியல் டீச்சர் கேட்பார். மழையும் பரீட்சையும் இல்லாத நாளாகப் பார்த்துப் பந்தில் காற்று இருக்காது. "நீங்க சும்மாதானே சார் இருக்கீங்க" என்பதை வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, நாம் சும்மாதான் இருக்கிறோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வராதா? வந்தது. மாணவர் உடல்நலத் திட்டம் என்று நாடு முழுக்க ஒன்று தொடங்கினார்கள். கை கழுவுவது, கண் பரிசோதனை, பூச்சி மாத்திரை, சுத்தமான கழிப்பறை, நேரத்துக்குத் தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலையணை மாதிரி ஒரு கையேடு வந்தது. பள்ளிக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம். ஆசிரியர் கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் தரையில் எதையோ தேட ஆரம்பிக்க, தலைமையாசிரியை விசில் வாத்தியாரைக் கைகாட்டினார். கரும்பு தின்னக் கூலியா? அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் உயிரைக் கொடுத்துத்தான் உழைத்தார். கரும்பலகை தெரியாமல் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கண்டுபிடித்துக் கண்ணாடி போட வைத்தார். குழாயடியில் சோப்பு காணாமல் போனால் தன் வீட்டுச் சோப்பைக் கொண்டுவந்து வைத்தார். ஆனால் அவர் உயிர் இருந்தது தண்ணீர் மணியில். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே மணி அடிக்கும். அத்தனை பிள்ளைகளும் பாட்டிலைத் தூக்கிக் குடிக்க வேண்டும். கணக்கு வாத்தியார் சாக்பீஸும் கையுமாக, பாதிக் கணக்கில் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். ஜன்னல் வழியாக அந்தக் காட்சியைப் பார்க்கும்போது விசில் வாத்தியாருக்கு வயிறு குளிர்ந்தது. அவர் குடிக்காமலே!

திட்டத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு புதுக் கழிப்பறை வந்தது. வெள்ளை ஓடு, பளபளவென்ற குழாய். சிறப்பாகப் பராமரிக்கும் பள்ளிக்கு ஐந்து நட்சத்திரப் பலகை கொடுப்பார்கள், அதன் கீழே பொறுப்பாளர் பெயரும் இருக்கும். ஒரு மாதம் போவதற்குள் ஒரு குழாய் உடைந்தது. சுவரில் யாரோ பேனாவால் படம் வரைந்தார்கள். தலைமையாசிரியை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"கவலைய விடுங்க மேடம். பூட்டிருவோம். இடைவேளையில மட்டும் திறப்போம். நடுவுல யாருக்காவது அவசரம்னா எங்கிட்ட வந்து சாவி வாங்கிக்கட்டும்" என்றார் விசில் வாத்தியார்.

அப்படித்தான் அந்தச் சாவி விசிலுக்குப் பக்கத்தில் வந்து தொங்கியது. முதலில் நாலைந்து பெண்கள் கேட்டு வந்தார்கள். பிறகு ஒருத்தியும் வரவில்லை. "பாத்தீங்களா மேடம், பிள்ளைங்களுக்கு எப்படி ஒரு கட்டுப்பாடு வந்துருச்சு!" என்று அவர் பெருமைப்பட்டார். அட, பெருமைப்பட்ட விஷயத்தைப் பாருங்கள்!

அவருடைய ஒரே மகளும் அங்கேதான் எட்டாவது படித்தாள். வீட்டில் அப்பா, பள்ளியில் சார். பாரபட்சம் காட்டுகிறார் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே என்று அவரே போட்ட சட்டம் அது. போன பருவத்தில் ஒருமுறை அவளுக்குச் சிறுநீரில் தொற்று வந்து மாத்திரையில் சரியானது. இப்போது நட்சத்திரம் போடுவதற்கான பரிசோதனைக் குழு வருவதற்கு முந்தைய வாரம் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை காய்ச்சல், குளிர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலேயே சுருண்டுவிட்டாள். விசில் வாத்தியார் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். முழங்கால் வலி அன்றைக்கு அவருக்கு ஞாபகமே வரவில்லை. துணிக்கடையில் பில் போடும் மனைவியும் போட்டது போட்டபடி வந்து சேர்ந்தாள்.

டாக்டரம்மா பரிசோதனை முடிவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது ரெண்டாவது தடவை. கிட்னி பக்கம் ஏறப் பாக்குது. இனி ஒரு தடவை வரவிடக் கூடாது. பாப்பா தண்ணி குடிக்கிறாளா?"

விசில் வாத்தியார் சிரித்தேவிட்டார். "டாக்டர், ஸ்கூல்ல தண்ணி மணி அடிக்கிறதே நான்தான்."

"நீங்க அடிக்கிறீங்க, சரி. அவ குடிக்கிறாளா?"

மனைவி மெதுவாகச் சொன்னாள். "காலையில கொடுத்துவிடுற பாட்டில் சாயங்காலம் ரொம்பித்தான் வருது டாக்டர். ஸ்கூல்ல மறுபடி பிடிச்சுட்டு வர்றான்னு நினைச்சேன். வாசல்ல இருக்கிற பூச்செடிக்குத் தினமும் அதைத்தான் ஊத்துறேன்."

டாக்டரம்மா அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனதும் விசில் வாத்தியார் மகளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஏம்மா, மணி அடிச்சா நீ பாட்டிலைத் தூக்குறதை நானே பாத்திருக்கேனே?"

"தூக்குவோம்பா. வாயில வெச்சுட்டு இறக்கிருவோம். பொண்ணுங்க எல்லாருமே அப்படித்தான்."

"எல்லாருமா? ஏன்?"

அவள் அவர் கழுத்தைத்தான் பார்த்தாள். பதற்றத்தில் சாவி தொங்கிய கயிற்றைக் கழற்றி வைக்கக்கூட அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

"குடிச்சா போகணும். இடைவேளையில வரிசை பாதிகூட நகராது, அதுக்குள்ள மணி அடிச்சுரும். அப்புறம் சாவி உங்ககிட்டதானே இருக்கு."

"எங்கிட்ட கேட்டா குடுக்க மாட்டேனா? நான் உன் அப்பா இல்லையா?"

"அங்க நீங்க சார்ப்பா. மைதானத்துல பசங்க எல்லாம் நிப்பாங்க. பத்தாவது அக்கா ஒருத்தங்க வந்து கேட்டாங்க, ஞாபகம் இருக்கா? 'இப்பதானே இடைவேளை விட்டாங்க, அதுக்குள்ள என்ன அவசரம்'னு சத்தமா கேட்டீங்க. பசங்க சிரிச்சாங்க." கொஞ்சம் நிறுத்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்களும் சிரிச்சீங்க."

ஐயோ! ஞாபகம் இருந்தது. அந்தப் பெண் சாவியை வாங்காமலே திரும்பிப் போனதும், பெரிய அவசரமாக இருந்திருக்காது என்று தான் நினைத்துக்கொண்டதும் இருந்தது. மனைவி அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. கயிற்றைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

மறுநாள் பள்ளி தொடங்குமுன் பூட்டைக் கழற்றித் தலைமையாசிரியையின் மேசையில் வைத்தார்.

"என்ன சார் இது? அடுத்த வாரம் குழு வருது. அதுவரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"பிள்ளைங்க பொறுத்தது போதும் மேடம். என் பொண்ணு படுத்துட்டா. இன்னும் எத்தனை பேர் வெளிய சொல்லாம இருக்காங்களோ தெரியலை."

"சரி, திறந்து விட்டா கழுவுறது யாரு? ஆயா ஒரு வேளைதான் வருவாங்க. நட்சத்திரம் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"கழுவுறதும் நான், பதில் சொல்றதும் நான்."

வீராப்பாகப் பேசிவிட்டு வந்தவர் சொன்னதைச் செய்தார், அதுதான் விஷயம். அன்றைக்கே உட்பக்கம் ஆடிக்கொண்டிருந்த தாழ்ப்பாள்களைத் திருகி இறுக்கினார். வகுப்பு நடக்கும்போது யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம், எழுந்து போகலாம் என்று காலை வரிசையில் அறிவித்தார். "நான் சிரிச்சது தப்பு" என்றும் மைக்கில் சொன்னார். பையன்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பத்தாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அன்று முதல் காலையில் பிள்ளைகள் வருமுன்பும், மாலையில் போன பிறகும் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு துடைப்பமும் வாளியுமாக இறங்கினார். கணக்கு வாத்தியார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்களுக்கு ஏன் சார் இந்தத் தலையெழுத்து?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

குழு வந்த அன்று, பார்க்க வந்த அதிகாரி அம்மாள் செருப்பு நனையாமல் இருக்கப் புடவையை ஒரு கையால் தூக்கிக்கொண்டார். இடைவேளை அப்போதுதான் முடிந்திருந்தது. தரையெல்லாம் ஈரம். வெள்ளை ஓட்டில் சேறு படிந்த காலடிகள். ஒரு குவளை கவிழ்ந்து கிடந்தது. வகுப்பிலிருந்து இரண்டு பெண்கள் பாதி ஓட்டமாக வந்து, பெரியவர்களைப் பார்த்துத் தயங்கி, பிறகு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள்.

"நீங்க அனுப்பின போட்டோவுல அவ்வளவு சுத்தமா இருந்துச்சே. ஏன் சார் இப்படி ஈரமா கிடக்கு?"

தலைமையாசிரியை அவரை முறைத்தார்.

"தண்ணி குடிக்கிறாங்க மேடம்" என்றார் விசில் வாத்தியார். "இப்பதான் நிஜமா குடிக்கிறாங்க. அதான்."

அதிகாரி அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார், எதையோ குறித்துக்கொண்டார். பலகை வந்தபோது அதில் மூன்று நட்சத்திரம்தான் இருந்தது. மூன்று வாங்கிய பலகையில் பொறுப்பாளர் பெயர் போட மாட்டார்களாம். "என்ன சார், மீதி ரெண்டும் வழியில விழுந்துருச்சா?" என்றார் கணக்கு வாத்தியார். வலிக்கத்தான் செய்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

மகள் அதற்குள் தேறிப் பள்ளிக்கு வர ஆரம்பித்திருந்தாள். மணி அடித்துவிட்டு அவர் இப்போதும் ஜன்னல் பக்கம் போகிறார். கணக்கு வாத்தியாரைப் பார்ப்பதில்லை. பாட்டிலையும் பார்ப்பதில்லை, பிள்ளைகளின் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறார்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழையப் போனவர் வாசலில் நின்றார். பூச்செடி இலையெல்லாம் தொங்கிப்போய் நின்றது.

"என்ன இது, செடி இப்படி வாடிக் கிடக்கு? தண்ணி ஊத்தலையா?"

மனைவி உள்ளேயிருந்து மகளின் பாட்டிலை எடுத்து வந்து, மூடியைத் திறந்து அவர் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள். "எங்க ஊத்துறது? உங்க பொண்ணு ஒரு சொட்டு மிச்சம் வைக்கலையே!"

அவர் குழாயடிக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்து வந்தார்.