ஓட்டப்பிடாரத்துத் தரிசில் நரிப்பயறு தேடி

செடி கொடி தேடிப் போகும் எங்கள் குழுவில் ஐந்து பேர் போவதாக இருந்தது. பொங்கல் முடிந்த வாரம், நரிப்பயறு காய்த்திருக்கும் நேரம். பாசிப்பயறுக்கும் உளுந்துக்கும் காட்டு உறவு அது. மழைக்கு முளைத்து, தரையோடு படர்ந்து, வெயில் ஏறியதும் நெற்று வெடித்துக் காய்ந்துபோகும் கொடி. கடைசி நேரத்தில் ஒருவருக்குப் பேரன் காதுகுத்து, ஒருவருக்கு முழங்கால் வலி. மற்ற இருவரும் காரணம் சொல்லவில்லை. டிக்கெட்டை ரத்து செய்ய மனமில்லாமல் நான் மட்டும் மதுரையிலிருந்து ரயில் ஏறினேன்.

தூத்துக்குடியில் காலை ஏழரைக்கு ஓட்டப்பிடாரம் பேருந்து. நகரப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஊர் தாண்டியதும் வெள்ளை உப்புக் குவியல்கள், பிறகு கரிசல். ஒரு மணி நேரத்தில் இறங்கி, ஆட்டோவில் நூற்றைம்பது ரூபாய் கொடுத்து ஓடையோரத் தரிசுக்குப் போனேன். “இங்கன என்ன இருக்குன்னு வாரீய?” என்றார் ஓட்டுநர். சொன்னேன். “அது ஆடு திங்கதுல்லா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

இரண்டு மணி நேரம் நடந்தேன். உடைமரமும் காய்ந்த புல்லும்தான். பறவை ஒன்றைக் கண்டால் “அதோ பார்” என்று வாய் தானாகத் திறந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. பாட்டிலைத் திறக்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

அப்போது ஒரு பெண் வேகமாக வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் தொரட்டி. “எக்கா, செனையாடு ஒண்ணப் பாத்தீயளா? கறுப்பு. காலைலேருந்து தேடுதேன்.”

பார்க்கவில்லை. ஆனால் ஓடைப் பக்கம் ஒரு முனகல் கேட்டிருந்தேன். அதைச் சொன்னதும் அவர் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

ஆடு சரிவில் படுத்துக் கிடந்தது. குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. “தலயப் புடிங்கக்கா, உதைக்க விடாதீய” என்றார். அவர் பெயர் செல்வி என்பதே பிறகுதான் தெரியும். நான் மண்டியிட்டு ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆட்டை இதற்கு முன் தொட்டதுகூட இல்லை. “ஏளா, கொஞ்சம் பொறு” என்று ஆட்டிடம் பேசிக்கொண்டே செல்வி உள்ளே மடங்கியிருந்த இன்னொரு காலை நிமிர்த்தி மெதுவாக இழுத்தார்.

குட்டி வந்து விழுந்தது. அசையவில்லை. செல்வி அதன் மூக்கைத் துடைத்தார், என் துப்பட்டாவை வாங்கி உடம்பைத் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு ஒரு சின்னத் தும்மல் கேட்டது.

அதற்குப் பிறகுதான் முழங்காலுக்குக் கீழே பார்த்தேன். மூன்று பிளவாகப் பிரிந்த சிறு இலைகள், மஞ்சள் பூ, குச்சி போல மெலிந்து கறுத்த நெற்றுகள். சரிவு முழுக்க நரிப்பயறு. நாங்கள் அதன்மேல்தான் மண்டியிட்டிருந்தோம். நான் சிரித்தேன், பிறகு ஏனோ அழுகை வந்தது. செல்வி குட்டியைத் தாய் நக்குவதற்கு அதன் முன்னால் வைத்தார்.

அவர் கணவர் தூத்துக்குடியிலிருந்து சரக்குத் தோணியில் மாலத்தீவு போயிருக்கிறார். “தோணி திரும்புதவரைக்கும் ஆடுககூடத்தான் பேச்சு” என்றார். குட்டியோடு செல்வியைப் படம் எடுத்து அவர் கைபேசிக்கே அனுப்பினேன்.

நீங்களும் போவதானால் தை மாதத்துக்குள் போங்கள். மாசி வெயிலில் கொடி கருகிவிடும். நெற்றுகளைக் காலையிலேயே பாருங்கள், உச்சி வெயிலில் தொட்டாலே வெடிக்கும். பிடுங்காதீர்கள், ஆடுகளுக்கு அது தீனி. நிழல் கிடையாது, இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். போன ஆட்டோ திரும்பி வராது. முன்பே பேசி வையுங்கள்.

நான் பேசி வைக்காததால் சாலைவரை நடந்தேன். குட்டியைத் தூக்கிக்கொண்டு செல்வியும் வந்தார், தாய் ஆடு பின்னால் வந்தது. நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் பேருந்தே இல்லை.

“நீங்க வீட்டுக்குப் போங்க. மத்த ஆடெல்லாம் தனியா நிக்குமே” என்றேன்.

“நீங்களுந்தான தனியா நிக்கீய” என்றார் செல்வி. பேருந்து வரும்வரை அவர் போகவில்லை.