உச்சி வெயிலும் கிராம்புக் கன்றுகளும்

சுசீந்திரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நாலடி உயரத்துக்கு ஒரு கான்கிரீட் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் வடக்குப் பக்கம்தான் என் மனைவி கிராம்புக் கன்றுகளை வைத்திருந்தாள். அவளுடைய அப்பா மலைத்தோட்டத்தில் நட்ட மரம் போன வருடம் ஆடிக்காற்றில் வேரோடு சாய்ந்தது. சாய்ந்த மரத்திலிருந்து அவள் தம்பி பறித்து வந்த பழங்களில் முளைத்தவை இந்தப் பதினொரு கன்றுகள். கிராம்பு விதை உலர்ந்தால் முளைக்காது. எடுத்து வைத்துப் பிறகு விதைக்க முடியாது. இவை பட்டுப்போனால் அந்த மரம் அதோடு முடிந்தது.

இளங்கன்றுக்கு உச்சி வெயில் ஆகாது. மார்கழியில் தொட்டியின் மதிய நிழல் வடக்கே இரண்டரை அடி கிடந்தது. அது பிறகு குறுகிக்கொண்டே வந்தது. பங்குனிக் கடைசியில் இலையோரம் கருகியபோது, தண்ணீர் போதவில்லை என்று கூடுதலாக ஊற்றினாள்.

சித்திரை விஷு அன்று தம்பி வந்திருந்தான். பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. கன்றுகளைக் காட்ட அவனை மாடிக்கு அழைத்துப் போனாள். நானும் பின்னால் ஏறினேன். மணி பன்னிரண்டேகால் தாண்டியிருந்தது. தொட்டிக்கு எந்தப் பக்கமும் நிழல் இல்லை. இலைகள் தொங்கிக் கிடந்தன.

"நெழலு எங்க போச்சு?" என்றாள்.

"அத்தான் வாடகை கேட்டிருப்பாரு. காலி பண்ணிட்டுப் போயிருக்கும்," என்றான் தம்பி.

"வாய மூடுலே. அப்பாக்க மரத்துல இதுதான் மிச்சம்."

பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது, அதனால் உச்சிச் சூரியன் நமக்குத் தெற்கும் வடக்குமாக மாறித் தெரியும், இப்போது நேர் தலைக்கு மேல் வந்திருக்கிறது, இனி ஆவணி வரை வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும் என்று சொன்னேன்.

"அதெல்லாம் பெறகு சொல்லுங்கோ. இப்ப எங்க வைக்கணும்?"

"தெக்க."

"தெக்கயும் வெயிலுல்லா அடிக்கு?"

அவள் சொன்னது சரி. தெற்கு நிழல் ஒரு சாண் நீளவே நாள் பிடிக்கும். தம்பி புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய், பின்பக்கம் கிடந்த தென்னை ஓலைகளை இழுத்து வந்தான். மூவருமாகக் கன்றுகளைத் தொட்டியின் தெற்குப் பக்கம் மாற்றி, மேலே ஓலைப் பந்தல் போட்டு முடிப்பதற்குள் கீழே பாயசம் அடிப்பிடித்துவிட்டது. அதைத்தான் சாப்பிட்டோம்.

இரண்டு கன்றுகள் பிழைக்கவில்லை. ஒன்பது நின்றன. வைகாசி முடிவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. வடக்கே போன சூரியன் அங்குள்ள நிலத்தைச் சுட வைப்பதால்தான் கடலின் ஈரக்காற்று எங்கள் பக்கம் ஏறி வருகிறது. கன்றுகளை வாட்டிய பூமியின் அதே சாய்வுதான் இந்த மழையையும் தந்தது. ஐப்பசியில் இன்னொரு மழையும் உண்டு. இப்படி இரண்டு மழை பெறும் மண்ணில் வாழக் கிடைத்ததற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

ஆனி மாதம் ஒரு காலை, மாடியிலிருந்தே தம்பிக்குப் போன் செய்தாள்.

"ஏலே, துளிரு விட்டிருக்கு. செவப்பா இருக்கு."

"அப்ப தோட்டத்துல குழி எடுக்கட்டா, அக்கா?"

"அவசரப்படாத. இன்னும் ஒரு வருசம் இங்க கெடக்கட்டு. ஆவணியில வடக்குப் பக்கம் மாத்தணும். நீ வந்து தூக்கித் தா."