இருநூறு கிராம்

என் மகள் ரேஸ் ஓட்டுகிறாள் என்று எங்கள் அரிசிக் கடை இருக்கும் சாலைக் கடைத்தெருவில் சொல்லிப் பாருங்கள். "லைசென்ஸ் எடுத்தாச்சா அண்ணாச்சி?" என்று ஒருத்தர் கேட்பார். "பொட்டப்பிள்ளைக்கு வேற வெளையாட்டே கெடைக்கலியா?" என்று இன்னொருத்தர். அவளுக்குப் பதிமூன்று வயசு. லைசென்ஸுக்கு இன்னும் ஐந்து வருஷம் கிடக்கிறது. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "ஸ்போர்ட்ஸ்ல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவள் ஓட்டுவது கார்கூட இல்லை, கார்ட். நாலு குட்டிச் சக்கரம், ஒரு இருக்கை, பக்கத்தில் ஒரு எஞ்சின். கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. தரைக்கு நாலு விரல் மேலே பிள்ளை உட்கார்ந்திருக்கும். அந்தக் கோலத்தில் அவள் வளைவில் திரும்பும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர ஒரு தகப்பனுக்கு அங்கே வேலையில்லை. கூப்பிட்டால் கேட்காது. கை காட்டவும் கூடாது, பிள்ளையின் கவனம் சிதறும் என்று சார் தடுத்து வைத்திருக்கிறார்.

சார்தான் எங்கள் டீமை நடத்துகிறவர். ஒரு காலத்தில் ராலி ஓட்டியவர். வித்துரா போகிற ரோட்டில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இடம் எடுத்து ஒரு சின்ன டிராக் போட்டு, ஐந்து பிள்ளைகளைப் பழக்குகிறார். வருஷத்துக்கு ஒரு பிள்ளையின் பெயரை அவர் கோயம்புத்தூரில் இருக்கும் பெரிய டீமுக்கு எழுதி அனுப்புவார். அந்தப் பிள்ளைக்கு அடுத்த வருஷம் அங்கே சீட். மற்ற நாலும் இங்கேயே இன்னொரு வருஷம். வயசு ஏற ஏற அந்தக் கதவு மூடிக்கொண்டே வரும் என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சாருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. வண்டியில் ஏறுகிற பிள்ளை அவரிடம் எதையும் மறைக்கக் கூடாது. தலைவலி, விரல் வீக்கம், ராத்திரி தூங்காதது, பயம், எதுவானாலும் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். சொன்னால் திட்ட மாட்டார். மறைத்தால் இறக்கிவிடுவார். "பேடி, பயம் உண்டெங்கில் பறையணும். ஸ்பீடில் போகும்போ எனிக்குத் தெரியாத்தது ஒண்ணும் நிங்ஙளுட உள்ளில் இருக்கக் கூடாது" என்று அவருடைய மலையாளம் கலந்த தமிழில் முதல் நாளே எங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

இனி எடை விஷயம். இந்தப் போட்டியில் வண்டியும் பிள்ளையும் சேர்ந்து நூற்றுப் பதினைந்து கிலோவாவது இருந்தாக வேண்டும். ஓட்டம் முடிந்ததும் அப்படியே தராசில் ஏற்றிப் பார்ப்பார்கள். குறைந்தால் ஓடியது கணக்கில் வராது. என் மகள் ஈர்க்குச்சி. அவள் எடை போதாததற்கு இருக்கையின் பின்னால் ஈயக்கட்டிகளைப் போல்ட் போட்டு முறுக்குவார்கள். அதிகம் வைத்தால் வண்டி மந்தமாகும் என்பதால், வியர்வைக்கும் எரிகிற பெட்ரோலுக்கும் சேர்த்து ஒரு கிலோ மட்டும் கூட வைப்பது சாருடைய கணக்கு.

போன மழையில் சாருடைய தராசு நனைந்து கெட்டுப்போனது. கடைசிப் போட்டிக்கு நாலு நாள்தான் இருந்தது. "அண்ணாச்சி, கடையில் வலிய த்ராஸ் உண்டல்லோ?" என்று போனில் கேட்டார். அரிசி மூட்டை போடுகிற தராசு எங்களிடம் இல்லாமல் யாரிடம் இருக்கும்? எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தனை நாள் கம்பியைப் பிடித்து நின்றவனுக்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைத்தது. மறுநாள் காலையிலேயே தராசைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனேன். தட்டு சின்னது என்று மேலே இரண்டு பலகை போட்டு, அந்தப் பலகையின் எடையை நானே பொத்தானை அமுக்கிக் கழித்து, நாலு பேராக வண்டியைத் தூக்கி வைத்தோம். ஹெல்மெட்டோடு அவள் ஏறி உட்கார்ந்தாள். நூற்றுப் பதினாறு காட்டும்வரை ஈயம் முறுக்கினார்கள். நான் எண்ணை உரக்கப் படித்தேன். சார் என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

கோயம்புத்தூரில் அவள் மூன்றாவதாக வந்தாள். மூன்றுக்குள் வந்தால் அவள் பெயர்தான் என்று சார் முன்னமே சொல்லியிருந்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் நான் நாற்பத்தாறு வயசுக் கழுதை, குதித்தேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அப்புறம் தராசு. நூற்றுப் பதினாலு எண்ணூறு. இருநூறு கிராம் குறைவு.

அந்த எண்ணைப் பார்த்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. எங்கள் கடைத் தராசு ஐம்பது கிலோவுக்கு முந்நூறு கிராம் கூடக் காட்டும். என் அப்பா காலத்து இரும்புத் தராசிலும் அப்படித்தான். எலக்ட்ரானிக் தராசு வந்தபோது அதைப் பழுது பார்க்கிறவர் எப்படி வைக்கட்டும் என்று கேட்டார். "பழையபடி இருக்கட்டும்" என்றார் அப்பா. வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கார் முத்திரைக்கு மட்டும் சரியாக வைப்போம், முத்திரை விழுந்ததும் பழையபடி. அதற்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர்கூடக் கிடையாது. திருட்டு என்று யாரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. இருபது வருஷமாகத் தினமும் பார்க்கிற எண், அது பொய் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. யாரையும் ஏமாற்ற நினைத்து அதை நான் டிராக்குக்குக் கொண்டுபோகவில்லை. பொய்த் தராசில் என் பிள்ளையையே நிறுத்த எந்த மடையனாவது நினைப்பானா? மறந்துபோனேன், அவ்வளவுதான்.

சார் விடவில்லை. உங்கள் தராசுதான் தப்பு என்று அதிகாரிகளிடம் மல்லுக்கு நின்றார். என்னைக் கைகாட்டி, "இவரு சாலையில் மூணு தலைமுறையா அரிசிக் கச்சவடம். இவருட த்ராஸ் தெற்றில்லா" என்றார். மூன்று தலைமுறை வியாபாரி, தராசு தெற்றாது, தப்பாது என்று. நான் பக்கத்தில் நின்றேன். அவர்கள் முகம் சுளிக்காமல் இருபது கிலோப் படிக்கற்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார்கள். ஒரு கிராம் பிசகவில்லை.

ஈயம் விழுந்திருக்குமோ என்று சார் குனிந்து பார்த்தார். எல்லாம் இருந்தது. அப்போதுதான் என் மகள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "சாரே, ஞான் ராவிலே சர்த்திச்சு" என்றாள். காலையில் வாந்தி எடுத்திருக்கிறாள். பயத்தில். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. சொன்னால் ஏற விடமாட்டார் என்று மறைத்துவிட்டாள்.

சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, "மோளே, எந்தா என்னோடு பறயாஞ்ஞது?" என்று மட்டும் கேட்டார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. எடை குறைந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும்தான், அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

ஊருக்குத் திரும்பியதும் சார் போன் செய்தார். தோற்றது பெரிதில்லை, மறைத்ததுதான் மனசை உறுத்துகிறது, சனிக்கிழமை பெயர் அனுப்ப வேண்டும், இந்த வருஷம் வேறொரு பிள்ளையை அனுப்பலாம் என்று நினைக்கிறேன் என்றார். "வெஷமம் தோந்நருது அண்ணாச்சி" என்று ரொம்பத் தயங்கிச் சொன்னார். நான் வருத்தப்படவில்லை என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

அந்த வாரம் அவள் சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே, பார்க்கச் சகிக்கவில்லை. காலையில் ஏழு இட்லி. கண்ணில் தண்ணீர் வர வர விழுங்குவாள். "எதுக்கு பிள்ளே இப்படித் திணிக்கே?" என்று அவள் அம்மா சத்தம் போட்டால், "எனக்கு வயிறு பழகணும்" என்பாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வருவாள். பையை இறக்கி வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மூட்டை போடுகிற தராசில் ஏறி நிற்பாள். "அப்பா, நேத்தைக்கு விட நூறு கூடியிருக்கு." நான் "ஆமா மக்களே" என்பேன். திங்கள் சொன்னேன். செவ்வாய் சொன்னேன். புதன் அவள் வரும்போது கோடவுனுக்குள் போய் நின்றுகொண்டேன்.

வியாழக்கிழமை சாயந்தரம் முடியவில்லை. கடையில் வேறு யாரும் இல்லை. அவள் தராசின்மேல் நிற்கிறாள். "இறங்கு மக்களே, அது பொய்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தாவை, முத்திரையை, முந்நூறு கிராமை. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் பயறு மூட்டையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கணக்கில் கெட்டி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆகிற லேப் நேரத்தை மனசிலேயே கூட்டிக் கழிக்கிற பிள்ளை. உதடு அசைந்தது. "நூத்திப் பதினாறுக்கு அறுநூத்தித் தொண்ணூறு கிராம் வருது" என்றாள். "அப்போ தராசு சரியா இருந்தா நமக்கு எறநூறு குறஞ்சிருக்காது. நான் சர்த்திச்சதுனால இல்ல."

"இல்ல மக்களே. உன்னால இல்ல."

அவள் முகம் அப்படியே தெளிந்துபோனது. நாலு நாளாக நான் காணாத முகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இப்பவே சாரைக் கூப்பிடுதேன். எல்லாத்தையும் சொல்லீருதேன். சனிக்கிழமைக்கு இன்னும் நேரம் கெடக்கு" என்று போனை எடுத்தேன். அந்த நேரத்தில் நிஜமாகவே சொல்லியிருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா."

"உனக்கு சீட் கெடைக்கும்லா?"

"கெடைக்கும்." செருப்பை மாட்டிக்கொண்டாள். "நான் சர்த்திச்சதை மறைச்சேன்னா, அது ஒரு வருஷத்துல எல்லாருக்கும் மறந்துடும். அடுத்த தடவை சர்த்திக்காம இருந்தா போதும். உங்க காரியம் அப்படியில்லப்பா. அது மறக்காது."

நான் போனைப் பிடித்தபடி நின்றேன்.

"சார் அங்க எல்லார் முன்னாடியும் உங்களக் காட்டிப் பேசினாருல்ல" என்றாள். "அவருக்கும் கஷ்டமா போயிரும். விடுங்க."

பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் பிடித்திருந்த கையை எடுத்த பிறகு எனக்கு எந்தத் தடையும் இல்லை. சாருடைய நம்பர் திரையிலேயே இருந்தது. பிள்ளை சொன்னதற்காகத்தான் கூப்பிடவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் பழுது பார்க்கிறவரை வரவழைத்துத் தராசைச் சரியாக வைக்கச் சொன்னேன். "முத்திரைக்கு நாள் இருக்கே அண்ணாச்சி?" என்று கேட்டார். இனி எப்போதும் இப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அன்று பூராவும் போன் என் சட்டைப் பையில் கிடந்தது. சனிக்கிழமை மத்தியானம் வேறொரு பிள்ளையின் பெயர் கோயம்புத்தூருக்குப் போயிற்று.

செய்தியைச் சொல்ல சார் கூப்பிட்டபோது அவள்தான் போனை எடுத்தாள். "தப்பு என்னோடதுதான் சாரே, இனி மறைக்கில்லா" என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன்.