பிறந்த குழந்தைக்கு இப்போது தைப்பதில்லை

நாங்கள் கைக்குழந்தைகளுக்கான பருத்தித் துணி விற்றுவந்தோம். தறிக்காரர்களிடம் நல்ல மெல்லிய துணியாகப் பார்த்து எடுத்து வருவது என் கணவர் வேலை. வெட்டுவதும் தைப்பதும் நான். கடை என்று தனியாக எதுவும் இல்லை. ஆன்லைனில் ஒரு பக்கம், ஒரு வாட்ஸ்அப் எண், முன்னறையில் ஒரு தையல் மெஷின்.

ஆரம்பத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் தன் கைக்குழந்தைக்கு மஞ்சள் ஜப்லாச் சட்டை வாங்கினாள். துணி போய்ச் சேர்ந்த மறுநாளே போன் செய்தாள்.

"சாயம் ஒட்டி பாப்பா முதுகெல்லாம் செவந்து கெடக்குதுங்க. பச்சக் கொழந்த போடுற துணிங்கிற நெனப்பே இல்லீங்களா உங்களுக்கு?"

"முதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க. அந்தத் துணிய இனிமே போடாதீங்க. சாயமே ஏத்தாத வெள்ளத் துணியில தச்சு இன்னைக்கே அனுப்புதேன்" என்றேன். அனுப்பினேன். அதோடு விட மனம் வரவில்லை. சிவப்பு மறையும்வரை தினமும் விசாரித்தேன். மீதமிருந்த மஞ்சள் துணியை என் கணவர் தறிக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்தப் பெண் எங்களை விட்டுப் போகவில்லை. அவள் அக்காவுக்கு, பக்கத்து வீட்டுக்கு, கூட வேலை பார்ப்பவர்களுக்கு என்று சொல்லிச் சொல்லியே எங்கள் வியாபாரம் பெருகியது. யாராவது ஒரே அளவில் நிறையக் கேட்டால், "பிள்ள சீக்கிரம் வளந்துரும், ரெண்டு மூணு போதும்" என்பேன். என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் நான் அப்படிச் சொல்லி அனுப்பியவர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள். படங்கள் அனுப்பினார்கள். குப்புற விழுந்தது, பல் முளைத்தது, மொட்டை போட்டது. எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவேன். எந்தப் பிள்ளைக்குச் சளி, எது இன்னும் நடக்கவில்லை என்பது எனக்கு மனப்பாடம்.

அப்போது எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் கேட்காமல் விட்டதில்லை. இந்தப் பெண்களில் ஒருத்திகூடக் கேட்டதில்லை.

பிறகு நான் உண்டானேன். கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் மட்டும்தான் முதலில் சொன்னேன். போனிலேயே கத்திவிட்டாள். நாள் நெருங்க நெருங்க, கொஞ்ச காலம் ஆர்டர் எடுக்க மாட்டேன் என்று எங்கள் ஆன்லைன் பக்கத்தில் போட்டதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முகவரி கேட்டுக் கேட்டு வாங்கினார்கள்.

எட்டாம் மாதம் அசைவு நின்றது. திருநெல்வேலியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "துடிப்பு இல்லம்மா" என்றார். அதற்கப்புறமும் வலி வரவழைத்து, மற்றவர்களைப் போலத்தான் பெற வேண்டியிருந்தது. பெண் பிள்ளை. நகமெல்லாம் வளர்ந்திருந்தது.

என் கணவர் கட்டிலருகே வந்து நின்றார். "ஏட்டி, பிள்ளைக்கு என்ன போட்டு விடட்டும்?" என்று கேட்டார்.

"பையில இருக்கு."

நான் தைத்த ஜப்லாதான். பொட்டலம் பொட்டலமாக எத்தனையோ மடித்து அனுப்பியவருக்கு அதன் நாடாவை முடியத் தெரியவில்லை. நர்ஸம்மா முடிச்சுப் போட்டுவிட்டார். வீட்டுக்குக்கூட வராமல் பிள்ளை அப்படியே போய்விட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு பார்சல்கள் வரத் தொடங்கின. ஊட்டியிலிருந்து கம்பளித் தொப்பி, மதுரையிலிருந்து கிலுகிலுப்பை. கூரியர்க்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என் கணவர் வாங்கி, பிரிக்காமல் பீரோவுக்கு மேலே வைப்பார்.

"இவங்களுக்கு நான் என்னன்னு எழுதுவேன்?" என்றார் ஒருநாள், போனைக் கையில் வைத்துக்கொண்டு. அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"கொடுங்க, நான் எழுதுதேன்."

பிள்ளை தங்கவில்லை என்று எழுதினேன். இனிமேல் பிறந்த குழந்தைகளுக்குத் தைக்க என்னால் முடியாது, சிவகிரியில் ஓர் அக்கா நன்றாகத் தைப்பார், அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எண்ணையும் கொடுத்தேன்.

கோயம்புத்தூர்ப் பெண் பஸ் ஏறி வந்தாள். அன்றுதான் நேரில் பார்க்கிறேன். தனியாக வந்திருந்தாள்.

"பிள்ளையக் கூட்டிட்டு வரலியா?"

"அம்மாகிட்ட விட்டுட்டு வந்தேனுங்க்கா."

ஏனென்று எனக்குப் புரிந்தது. சாயங்காலம்வரை என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். போகும்போது, பீரோ மேலிருந்த பார்சல்களைப் பார்த்துவிட்டு, என் கணவரிடம் கேட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். அனுப்பியவர்களிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள்.

இப்போது நடக்கும் வயதுப் பிள்ளைகளுக்குத் தைக்கிறேன். அதே பெண்கள்தான் கவுனும் பாவாடையும் வாங்குகிறார்கள். ஒருத்தரும் வேறிடம் போகவில்லை. ஆனால் படங்கள் மட்டும் வருவதில்லை. சொல்லிவைத்தாற்போல எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். எனக்காகத்தான். அது தெரிந்தும், போனைத் திறக்கும்போதெல்லாம் படம் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.

சென்ற மாதம் கோயம்புத்தூர்ப் பெண்ணின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு கைக்குழந்தையைக் கண்டேன். அவளுக்கு இரண்டாவது. அதை என் கண்ணில் படாமல் மறைக்க மறந்திருக்கிறாள். குழந்தை, கடையில் வாங்கிய வலைத்துணிச் சட்டைக்குள் கிடந்தது. உடனே கூப்பிட்டேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிங்க்கா சொல்லுவேன்?" அழுதாள். அவளுக்குப் பின்னால் குழந்தையும் அழுதது.

"பிள்ள ஏன் அழுது?"

"பால் குடிச்சாச்சு. என்னன்னே தெரியலீங்க்கா."

"அந்தச் சட்டையக் கழத்துங்க முதல்ல. கழுத்துக்கிட்ட லேபிள் உறுத்தும். பழைய வேட்டித் துணி இருந்தா அதுல சுத்தி வைங்க."

போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். அழுகை மெல்ல விக்கலாகி, பிறகு நின்றது. அவள் திரும்பி வந்து, "அக்கா, வீடியோவுல பாக்குறீங்களா?" என்றாள்.

"இன்னைக்கு வேண்டாம்மா" என்றேன்.

போனை வைத்த பின் பார்த்தால், மெஷினில் பாதி தைத்த பாவாடை கிடந்தது. என் கணவர் வந்து விளக்கைப் போட்டுவிட்டு, நான் வெட்ட எடுத்து வைத்திருந்த அடுத்த துணியைத் தானே வெட்ட ஆரம்பித்தார்.