ஆறு நின்ற பகல்

மருதமுனைத் தறிச் சத்தத்துக்குள் வளர்ந்த என்னைச் சம்மாந்துறைக்கு மாப்பிள்ளையாக்கி, சீதனமாக ஐந்து ஏக்கர் வயலையும் ஆறு எருமைகளையும் தந்தார்கள். எழுபதுகளின் கடைசி அது. நூல் அறுந்தால் முடியத் தெரியும். நெல்லில் எனக்குத் தெரிந்தது சோறு மட்டும்தான்.

எங்கள் வயல்களுக்குக் குளத்துத் தண்ணீர் எட்டாது. மேலே ஒரு மணற்பள்ளத்தில் ஊறி வரும் சிற்றாறுதான் கதி. ஒரு நாள் எங்களுக்கு, மறுநாள் கீழேயுள்ள தமிழ் ஊருக்கு என்று முறை. பயிர் கதிரை உள்ளே சுமந்து நிற்கும் குடலைப் பருவம். "இப்ப ரெண்டு நாள் காஞ்சா முழுக்கப் பதர்தான்" என்று சொல்லிவிட்டு மனைவியின் வாப்பா, என் மாமா, என்னை வயற்குடிசையில் காவல் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அதன்பின் நான் ஓரிடத்தில் குந்தியதில்லை.

எங்கள் முறையன்று காலை பத்து மணிக்குப் பார்த்தால் வாய்க்கால் வெறும் சேறு. வரம்பு வழியே கீழே ஓடினேன். கீழ் ஊர்க்காரர் ஒருவர் வரம்பு செதுக்கிக்கொண்டு நின்றார்.

"தண்ணிய மறிச்சது நீங்கதானே?"

"நான் உங்களுக்குக் கீழ இரிக்கன் மாப்பிள. மேல போற தண்ணிய எப்பிடி மறிக்கிற? வாங்க, போய்ப் பாப்பம்."

அவர் நடந்தார். நான் முன்னால் ஓடுவேன், திரும்பி வருவேன், மறுபடி ஓடுவேன்.

"என்ன இது, தறியில அங்கயும் இங்கயும் ஓடுற நாடா மாதிரி?" என்றார்.

ஊற்றடியில் முப்பது எருமைகள் புரண்டுகொண்டிருந்தன. அவை மிதித்துச் சரித்த மணல் ஆற்றின் வாயையே அடைத்திருந்தது.

"எவன்ட எருமை இது? பொலிசுக்குப் போவன்!" என்று கத்தினேன்.

அவர் ஓர் எருமையின் தொடையில் தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவினார். சுட்ட குறி தெரிந்தது.

"போங்க. உங்கட மாமாட குறிதான்."

அன்று காலை அவை கத்தியதற்குப் பயந்து பட்டியைத் திறந்துவிட்டதே நான்தான். அந்த முப்பதில் ஆறு என் சீதனம் என்றாலும், எல்லா எருமையும் எனக்கு ஒரே எருமை.

துரத்தி, தோண்டி முடிய உச்சிவெயில்.

"அண்ணன், மாமாட காதுல போடாதீங்க."

"போடல்ல. ஆனா தண்ணியில பாதி எனக்கு. என்ட வயலும் குடலைதான்."

அவருக்கும் வயல் இருப்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. தண்ணீர் பிரியும் இடத்தில் நின்று, எந்தப் பாதி பெரிது என்று கண்ணால் அளந்துகொண்டே இருந்தேன். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது எங்கள் வயலின் வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கியது. வயலை மூன்று முறை சுற்றினேன்.

கதிர் வந்தது. மேட்டு மூலையில் மட்டும் பதர். மாமா ஒரு கதிரைக் கசக்கிப் பார்த்தார்.

"பூச்சி மாமா" என்றேன்.

"ஓம்" என்றார். "நாலு கால் பூச்சி."