கலியாணம் முடிஞ்சு நாலு வருஷம்

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக் கதவு மணி விடாமல் அடித்தது. திறந்தால்... அன்ரன். இங்கே டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிற மன்னார்ப் பொடியன். பொடியன் என்கிறேனே தவிர, வயது முப்பத்திரண்டு. கையில் ஒரு கடிதம். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அக்கா, என்னையும் மனிசியையும் பிரிச்சுப்போட்டாங்கள்!"

யார் பிரித்தது? வெளிநாட்டவர் அலுவலகம்! மன்னாரில் இருக்கும் மனைவி மரீனாவையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தான். அதற்குத்தான் இந்தப் பதில். வாசித்தேன். 'நீங்கள் விவாகரத்துப் பெற்றவர் என்று விசாரணையில் கூறியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்தப் பெண் யார்? விவாகரத்துப் பத்திரத்தை அனுப்பவும்.'

தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று மீன் வெட்டும் டேனிஷ்காரர் இதை வாசித்துவிட்டு, முதுகில் தட்டி, "கவலைப்படாதே, எனக்கும் போன வருஷம்தான்" என்று ஆறுதல் வேறு சொன்னாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மகளைக் கடைசியாகக் கைக்குழந்தையாகக் கண்டவன். இப்போது அவளுக்கு மூன்று வயது. இந்தப் பிழை திருத்தப்படாவிட்டால் அவர்கள் வரவே முடியாது.

"விசாரணையில என்னடா சொன்னனீ?"

"தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரேல்லை அக்கா. இங்கிலிசில கேட்டவை. எனக்குக் கலியாணம் முடிஞ்சு நாலு வருஷம் எண்டு சொன்னன்."

"அதை இங்கிலிசில எப்பிடிச் சொன்னனீ?"

"மை மேரேஜ் ஃபினிஷ்ட்... ஃபோர் இயர்ஸ்."

அட கடவுளே! தாலி கட்டின அன்றைக்கே 'முடிஞ்சுது' என்று சொல்கிற சனம் நாங்கள். அதை அந்த டேனிஷ் அதிகாரி எப்படி அறிவார்?

மறுநாள் நானும் லீவு போட்டுவிட்டு அவனோடு பஸ் ஏறினேன். கொழும்பில் டைப்பிஸ்டாக இருந்தவள் என்பதால் எஸ்பியர்க் தமிழருக்கு இங்கிலிஷ் என்றால் நான்தான். என்ன செய்வது!

"ஐ வாஸ் மேரீட் எண்டு சொல்லட்டே அக்கா?"

"ஐயோ, வாயை மூடு! வாஸ் எண்டால் அதோட சரி. இருக்கிற மனிசியும் இல்லையெண்டு ஆகிடும். ஹேவ் பீன் எண்டு சொல்லு. அண்டைக்குத் தொடங்கி இண்டைக்கும் இருக்கு எண்டு அர்த்தம்."

அவன் யோசித்தான். "ஹேவ் எண்டால் வைச்சிருக்கிறது அல்லோ? கட்டின மனிசியை ஆராவது வைச்சிருக்கிறன் எண்டு சொல்லுவினமோ?"

தலையில் அடித்துக்கொண்டேன். "சொன்னதைச் சொல்லு. ஐ ஹேவ் பீன் மேரீட் ஃபோர் ஃபோர் இயர்ஸ்."

"ரெண்டு ஃபோர் ஏன் அக்கா? எட்டு வருஷம் ஆகிடாதே?"

பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் இருந்த டேனிஷ் அம்மா திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். இறங்கும்வரை அன்ரன் அந்த ஒரு வசனத்தையே செபமாலை சொல்வதுபோல முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. கோப்பை விரித்தார். மரியாதையாக முதல் கேள்வி கேட்டார் — டென்மார்க்கில் எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள்?

அன்ரன் எழுந்து நின்றான். "ஐ ஹேவ் பீன் மேரீட் ஃபோர் ஃபோர் இயர்ஸ்!"

எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்டில்?" என்று கேட்டார்.

"ஸ்டில், ஸ்டில், மேடம்!"

அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... நான் குறுக்கே புகுந்து 'முடிஞ்சுது' கதையை விளக்கினேன். இன்னும் சிரித்தார். பிறகு பேனையை எடுத்து அந்த 'விவாகரத்து' என்ற சொல்லைக் குறுக்காக ஒரு கோடு இழுத்து வெட்டினார். விண்ணப்பம் மேலே போகும், பத்திரம் எதுவும் வேண்டாம் என்றார். அப்பாடா!

வெளியே சரியான காற்று. அன்ரன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா, அப்ப என்ர கலியாணம் முடியேல்லைத்தானே?"

"இல்லையடா, முடியேல்லை."

இதைக் கேட்டு றோட்டில் நின்று அழுத ஒரு மாப்பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்!