ராஜகிரியில் ஒளிந்த உறுப்பினர்

காலை 5.50, புதுச்சேரி பேருந்து நிலையம். செஞ்சிக் கோட்டை சுமார் எழுபது கிலோமீட்டர். பக்கத்து இருக்கையில் மெலினா. கரீபியன் தீவு ஒன்றின் சட்டசபை உறுப்பினர், என் தோழி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர். தீவின் பெயரை எழுதாதே என்று கேட்டுக்கொண்டார். நெதர்லாந்து மன்னரின் ராஜ்ஜியத்துக்குள் தன்னாட்சி நடத்தும் ஊர் என்பது மட்டும் போதும்.

அங்கே மெலினாவின் கட்சி அரசு ஒரே ஒரு உறுப்பினர் பெரும்பான்மையில் நிற்கிறது. நம் நேரப்படி இன்று மாலை ஆறரைக்குள், அங்கே காலை ஒன்பதுக்குள், மெலினா ஆதரவு இல்லை என்று கடிதம் அனுப்பினால் அரசு கவிழும். எதிரணி மந்திரி பதவி தருகிறதாம். கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. அணைத்துப் பையில் போட்டார்.

"மன்னர் என்ன செய்வார்?" என்றேன்.

"ஒன்றும் செய்யமாட்டார். அவர் சார்பில் ஆளுநர் கையெழுத்துப் போடுவார்."

"உடனேயா?"

அந்தக் கேள்வி அவருக்குப் புரியவில்லை. நம்மவர்களுக்குப் புரியும்.

8.40. கோட்டைக்கு ஆட்டோ நூறு ரூபாய். ஓட்டுநர் ஏழுமலை கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இன்னாக்கா இது! எங்கூரா இருந்தா இந்நேரம் ரிசார்ட்ல வச்சிப் பூட்டியிருப்பாங்க. இந்தம்மா தானா வந்து கோட்டையில ஒளியிறாங்களே!"

மொழிபெயர்த்தேன். மெலினா சிரிக்கவில்லை. எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

10.45. கோட்டையின் ராஜகிரி மலை உச்சிக்குச் சற்றுக் கீழே, பள்ளத்தின் மேல் மரப்பாலம். எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிடுவார்களாம். மதில்மேல் பூனையை நிஜ மதிலுக்கே கூட்டி வந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மெலினா பாலத்தைத் தாண்டவில்லை. கைப்பேசியை உயிர்ப்பித்துத் தன் தீவின் பிரதமரை அழைத்தார். அங்கே இரவு ஒன்றேகால். அவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"கடிதம் அனுப்பப் போகிறேன். ஓட்டுக் கேட்கும்போது சொன்ன பள்ளிக்கூடத்தை நீ கட்டவில்லை. அவர்கள் தரும் பதவியும் எனக்கு வேண்டாம். இதை மற்றவர் வாயால் நீ கேட்கக்கூடாது, அதனால்தான் கூப்பிட்டேன்."

பேசி முடித்ததும் மெலினா அங்கேயே நின்று கடிதத்தை அனுப்பினார். கைப்பேசியை மறுபடி அணைத்துப் பையின் அடியில் திணித்தார்.

1.15. கீழே ஏழுமலை காத்திருந்தார். "இன்னாக்கா ஆச்சு?"

சொன்னேன். "மந்திரி பதவி வேணாம்னாங்களா? மெய்யாலுமா?" கண்ணாடியைத் திருப்பி மெலினாவை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

பேருந்தில் கேட்டேன்: "கட்சியைத் துணிந்து எதிர்த்துவிட்டீர்கள். பிறகு ஏன் இன்னும் பயம்?"

"சின்னத் தீவு அது. பிரதமர் எனக்கு எதிர்வீடு. திங்கட்கிழமை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குப்பைத் தொட்டியை வெளியே வைப்போம்."